ரங்கூன் வணக்கம்

தொடங்க முதலே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன். அதிலும் கணக்குப் பாடத்தில் இரண்டாம் தடவைதான் தேறினேன். எந்தப் பல்கலைக்கழகத்தின் படலையையும் திறந்து உள்ளே போனவன் இல்லை. பர்மாவையும் கண்டதில்லை. இப்படிப்பட்ட ஒருவன் ரங்கூன் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் அங்கே நடமாடிய பெரிய மனிதர்களைப் பற்றியும் எழுத வந்தால் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கட்டும். நான் எழுதப்போவதும் எங்களைச் சிரிக்க வைத்த ஒருவரைப் பற்றித்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். தாளில் எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்போது பாரிஸில், லா சப்பலில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் எனக்கு வேலை. ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டு, வரும்போது உள்ளே வருகிற கடை. குசினியில் சமைக்க இரண்டு பேர். முன்னால் தேநீர் ஆற்றவும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளவும் நான். முதலாளியை எல்லோரும் அண்ணை என்றே கூப்பிடுவோம்.

ரங்கூன் ஐயா முதன்முதலாக வந்தது ஒரு குளிர்காலக் காலையில். தலையில் கம்பளித் தொப்பி, கையில் நீளக் குடை. அவருடைய தமிழ் எங்களுடைய தமிழ் இல்லை என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"ஐயா பாண்டிச்சேரியோ?" என்று அண்ணை கேட்டார்.

"பொண்டாட்டி பாண்டிச்சேரி. நான் ரங்கூன்."

"ரங்கூனோ? அங்கை தமிழ் ஆக்கள் இருக்கினமோ?"

"ஒரு காலத்துல பாதி ஊரே நாங்கதான். இப்ப நான் இங்க உக்காந்திருக்கேன்ல, அதுல ஒரு ஆள் குறைச்சல்."

அண்ணைக்கு ஊர்ப் புதினம் கேட்பதென்றால் வியாபாரத்தைவிட விருப்பம். "அப்ப பர்மாக்காரர் எப்பிடி ஐயா வணக்கம் சொல்லுறவை?" என்றார்.

ஐயா குடையை மேசையில் சாய்த்து வைத்தார். தொப்பியைக் கழற்றினார். முகத்தை மிகவும் பக்தியாக வைத்துக்கொண்டு, வலக்கையால் இடப்பக்கச் சட்டைப்பையை மெதுவாக இரண்டு தரம் தட்டினார். பிறகு கண்களைப் பாதி மூடி, தலையை இடப்பக்கம் சாய்த்து, தொண்டைக்குள் 'ம்க்ம்' என்று ஒரு செருமல் செருமி, இடுப்பைக் கொஞ்சம் வளைத்தார்.

"இதுதான். சின்னவங்க பெரியவங்களுக்குச் செய்யணும். படிச்சவங்களக் கண்டா கட்டாயம் செய்யணும்."

அன்றிலிருந்து எங்கள் கடையில் அவருக்கு அந்த வணக்கம்தான். கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தால் நான் தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சை இரண்டு தரம் தட்டுவேன். அண்ணை தட்டுவார். குசினியில் இருப்பவர்கள் அகப்பையும் கையுமாகத் தட்டி, அவர்களுடைய ஏப்ரனில் நெஞ்சுக்கு நேரே நிரந்தரமாகக் குழம்புக் கறை படிந்துவிட்டது. வழக்கமாக வருகிற வாடிக்கையாளர் சிலரும் பழகிக்கொண்டார்கள். ஐயா துளியும் சிரிக்காமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திருப்பிச் செய்துவிட்டுத்தான் உட்காருவார். எனக்குக் கை கூப்பி வணக்கம் சொல்வதே கூச்சம். இது ஏனோ வசதியாக இருந்தது. சத்தம் போட்டு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

அவர் ரங்கூனில் பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர். அறுபதுகளில் தகப்பனுடைய கடையை இராணுவ அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, ஒரு பெட்டியோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். அங்கிருந்து பாண்டிச்சேரி, கல்யாணம், பாரிஸ். இதைக்கூட நான் பல துண்டுகளாகப் பொறுக்கித்தான் சேர்த்தேன். தன்னைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் இருந்ததில்லை. மற்றவர்களாக இருப்பதிலேயே அவருடைய பொழுது போய்விடும்.

மற்றவர்களாக இருப்பது என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அவர் ஆட்களைப் பற்றிக் கதை சொல்வதில்லை. எழுந்து நின்று அந்த ஆளாகவே மாறிவிடுவார். முதல் தேநீர் முடிந்து இரண்டாவது வருவதற்குள், கண்ணாடிப் பெட்டிக்கும் கதவுக்கும் இடையில் இருக்கிற அந்தக் கொஞ்ச இடத்தில், ரங்கூன் முழுவதும் நடந்து போகும்.

பின்னாளில் மந்திரியான ஒரு மாணவத் தலைவர் அவரோடு விடுதியில் இருந்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் அந்த ஆள் ஏழை விவசாயிகளைப் பற்றிப் பேசத் தொடங்குவார். ஐயா தேநீர்க் கோப்பையை ஒரு கையில் ஏந்தி, தூரத்து வயலைப் பார்ப்பதுபோலக் கண்களைச் சுருக்கி, பர்மிய மொழியில் ஏதோ முழங்குவார். ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்காது. ஆனால் முழக்கம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் அவருடைய மற்றக் கை, தலைக்குச் சம்பந்தமில்லாத ஏதோ பிராணிபோல, பக்கத்தில் இருப்பவரின் தட்டுக்குப் போய் ஒரு மீன் துண்டை எடுத்துக்கொண்டு திரும்பும். உண்மையிலேயே என் தட்டிலிருந்து ஒரு மீன் கட்லட் அப்படிக் காணாமல் போயிருக்கிறது.

பட்டமளிப்பு விழாவுக்கு வரும் ஒரு நீதிபதியின் மனைவி இருந்தார். கை நிறையப் பச்சைக்கல் வளையல். வளையல் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வெயில் இல்லாத இடத்திலும் கையை நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பாராம். வெற்றிலை போட்ட பல் தெரியக்கூடாது என்பதற்காக உதட்டை மூடிக்கொண்டே சிரிப்பாராம். ஐயா அந்தச் சிரிப்பைச் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும். ஒருமுறை மெத்ரோவில் அப்படிச் சிரிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துவிட்டு, 'நீதிபதி மனைவி' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரி. அங்கே படம் பிடிக்க வந்த நடிகை ஒருத்தியின் செருப்பு தண்ணீரில் விழுந்துவிட்டது. கரையில் நின்ற மாணவர்கள் குதித்தார்கள். ஐயா ஒவ்வொருவராகக் குதிப்பார். வக்கீலுக்குப் படித்தவன் முதலில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு குதித்தான். கவிதை எழுதுகிறவன் நடிகையைப் பார்த்துக்கொண்டே குதித்ததால் படகில் விழுந்தான். நீந்தத் தெரியாதவன்தான் எல்லோருக்கும் முன்னால் குதித்தான். செருப்பை எடுக்க ஆளில்லாமல், எல்லோரும் சேர்ந்து அவனை எடுத்தார்கள்.

"செருப்பு என்ன ஆச்சு ஐயா?" என்று கேட்டேன்.

"அது மிதந்துகிட்டே தானா கரைக்கு வந்துச்சுப்பா. எங்க யூனிவர்சிட்டில அது ஒண்ணுதான் உருப்படியா நீந்தத் தெரிஞ்சது."

இராணுவக்காரர் எவரையும் அவர் நடித்துக் காட்டியதில்லை. குசினிக்காரர் ஒருவர் கேட்டதற்கு, "அதுல காமிக்க என்னப்பா இருக்கு? எல்லாருக்கும் ஒரே நடை" என்றார். அன்று இரண்டாவது தேநீர் குடிக்காமல் போய்விட்டார்.

இன்னும் ஓர் ஆளையும் காட்டமாட்டார். அவருக்குப் பாடம் எடுத்த வரலாற்று விரிவுரையாளர். சயா என்பார். பர்மிய மொழியில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்களாம். "மழைக் காலத்துல சயா வகுப்புக்கு வந்தார்னா, முதல்ல எல்லாரும் தலையத் துவட்டிட்டாங்களான்னு பாப்பாரு. அப்புறம்தான் பாடம்" என்பார். பேச்சு நன்றாகத்தான் போகும்.

"அப்ப அவரை ஒருக்காக் காட்டுங்கோவன்" என்று அண்ணை சொன்னால் முகம் மாறிவிடும்.

"அவரு வேணாம். வேற ஆளச் சொல்லு."

வேறு ஆளுக்குப் பஞ்சம் இல்லை. பர்மா முடிந்ததும் லா சப்பலைத் தொடங்கிவிட்டார். கோயில் தலைவர் தீபத் தட்டை வாங்கும்போது ஐயர் பக்கம் பார்க்காமல் கமெரா பக்கம் பார்ப்பதைக் காட்டினார். வதிவிட அட்டை கொடுக்கிற பிரிபெக்ச்சரில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அம்மா, எங்கள் பெயரின் நீளத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் பின்னுக்குச் சாய்வதைக் காட்டினார். தேர் நாளன்று ரூ பஜோல் மூலையில் குடையோடு நின்று, தாரில் வெறுங்காலோடு போகிற சனத்தின் பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். "செருப்பக் கழட்டினா மனுஷனோட சொந்த நடை வெளிய வந்துரும் தம்பி. எனக்கு இன்னைக்குத்தான் அறுவடை" என்பார்.

ஒருநாள் அண்ணையைக் காட்டினார். அண்ணை, தெருவில் சுகாதாரப் பரிசோதகர் மாதிரி யாராவது தென்பட்டால், கையில் கிடைத்த துணியால் ஏற்கனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நண்டுபோலப் பக்கவாட்டில் குசினிக்கு நகர்வார். ஐயா அதைச் செய்தபோது கடை முழுக்கச் சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சில நாள் ஐயாவுக்குத் தேநீரை நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு ஒரு பின்னேரம், கடையில் ஆளில்லாத நேரம், அண்ணை என்னிடம் வந்தார்.

"டேய், நான் உண்மையா அப்பிடியே நடக்கிறனான்?"

"ஓம் அண்ணை."

அன்றிலிருந்து அண்ணை நேராக நடக்கத் தொடங்கினார். குதிக்காலை ஊன்றி, கையை வீசி, தன் கடைக்குள்ளேயே அணிவகுப்பில் போகிறவர்போல. ஐயா அதைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு, அந்த நேர் நடையையும் காட்டினார்.

ஐயாவின் மனைவியை நாங்கள் அம்மா என்போம். பள்ளிக்கூடக் கந்தீனில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "கல்யாணத்தன்னைக்கே எங்கப்பா மாதிரி நடந்து காமிச்ச மனுஷன் தம்பி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு பக்கம் சிரிக்கிறாங்க, எங்கப்பா ஒரு பக்கம் அழுவறாரு" என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு செப்டெம்பர் மாதம், பக்கத்துக் கடையில் நெத்தலிக் கருவாடும் புளியும் வாங்கிக்கொண்டு ஒரு பர்மியப் பெண் எங்கள் கடைக்குத் தேநீர் குடிக்க வந்தாள். தொலைபேசியில் தன் மொழியில் பேசிக்கொண்டிருந்தாள். ஐயாவின் கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் பேசி முடித்ததும் இவர் எழுந்து போய்ப் பேசினார். அவள் திடுக்கிட்டாள், பிறகு சிரித்தாள். கொஞ்ச நேரம் இருவரும் மழை பெய்கிற மாதிரி பேசிக்கொண்டார்கள். நடுவில் அவள் ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். ஐயா கதிரையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

அவள் போனபின் என்னைப் பார்த்து, "சயா உயிரோட இருக்காரு" என்றார்.

அந்தப் பெண் சயாவின் தங்கை மகளின் மகள். சயா லண்டனில் இருக்கிறார். ஒக்டோபரில் பாரிஸ் வருகிறார். பர்மியர்களுக்கு அந்த மாதப் பௌர்ணமி விளக்கேற்றுகிற திருநாள். அப்போது கடோ என்று ஒரு வழக்கம் உண்டாம். பழைய மாணவர்கள் எவ்வளவு வயதானாலும், எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், ஆசிரியர் முன்னால் முழங்காலில் இருந்து, நெற்றி தரையில் படக் கும்பிட்டு, உடலாலும் வாயாலும் மனத்தாலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். பாரிஸில் இருக்கும் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் புறநகரான லா கூர்னெவ்வில் அந்தப் பெண்ணின் வீட்டில் கூடுகிறார்கள். ஐயாவும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அடுத்து வந்த நாட்களில் ஐயா ஒருவரையும் காட்டவில்லை. குசினிக்காரர்கள் மந்திரியைக் கேட்டார்கள், நடிகையைக் கேட்டார்கள். "முழங்கால் வலி" என்றார். மந்திரியைக் காட்ட முழங்கால் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் அம்மா கடைக்கு வந்தார். "எனக்கு மாடி ஏற முடியாது. லிஃப்ட் ஓடலையாம். நீ கூடப் போ தம்பி. இந்த மனுஷனத் தனியா விட்டா, அந்தப் பெரியவரு முன்னாடியே அவர மாதிரி எதையாவது பண்ணிக் காமிச்சிரும். அலோர், அதனால கையப் பிடிச்சுக்கோ. ரெண்டு கையையும் பிடிச்சுக்கோ."

"ஓம் அம்மா" என்றேன். பொறுப்பான வேலை என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வீட்டில் இருந்ததில் நல்ல சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டேன்.

கார் து நோர் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். ரயில் ஏறி உட்கார்ந்ததும், ஐயா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்.

"நான் அவர ஒரே ஒரு தடவ காமிச்சேன். ஹாஸ்டல் ஆண்டு விழாவுல. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வாயத் திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுவாரு. அத நான் மேடைல பண்ணேன். சனம் நாற்காலிய விட்டு விழுந்து சிரிச்சிது. அவரும் முன்வரிசைல உக்காந்து கை தட்டுனாரு. அப்புறம் பாத்தா நாற்காலி காலியா இருக்கு."

"கோவமோ?"

"கோவப்பட்டிருந்தா நல்லாருந்திருக்கும். மறுநாளிலேருந்து அவரு வகுப்புல பாடம் நடத்த முடியல. அவரு கை லேசா அசைஞ்சாப் போதும், மொத்த வகுப்பும் ஒரே நேரத்துல மேசையத் தட்டும். கொஞ்ச மாசத்துல வேலைய விட்டுட்டு இங்கிலாந்து போயிட்டாரு. அவ்வளவு பெரிய மனுஷன நான்தான் ஊர விட்டே துரத்திட்டேன்னு..." அவர் முடிக்கவில்லை. "இன்னைக்கு அதக் கேட்டுரணும். ஆமான்னு சொன்னா, சொல்லட்டும்."

வாயைத் திறக்க முதல் அந்த மனிதர் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கூச்சக்காரனுக்கு வருகிற கேள்விகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும்.

அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்ட் ஓடவில்லைதான். நின்று நின்று ஏறினோம். வாசலுக்கு வந்ததும் ஐயா தன் பையிலிருந்து இடுப்பில் கட்டுகிற ஒரு பட்டுச் சாரத்தை எடுத்தார். ரங்கூனில் வாங்கியது, மடிப்புகள் வெளுத்துப் போயிருந்தன. "இந்தக் கோட்டப் பிடி, மறைச்சுக்கோ" என்றார். நான் கோட்டைத் திரைபோலப் பிடித்தேன். மேல் வீட்டிலிருந்து இறங்கி வந்த ஓர் ஆபிரிக்க அம்மா "போன்ஜூர்" என்று சொல்லிவிட்டு, நாகரிகமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார். ஐயா ஒரு காலைக் காற்சட்டையிலிருந்து எடுத்து, மற்றக் காலோடு போராடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அந்தப் பெண், கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை மட்டும்தான் பார்த்தாள். "வாருங்கள், வாருங்கள்" என்று பிரெஞ்சில் சொல்லி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கோட்டு என்னோடு வந்துவிட்டது. ஐயா வெளியே நின்றார்.

அறையில் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். வயதானவர்கள் இரண்டு மூன்று பேர் பாயில் இருந்தார்கள். சோபாவில் எல்லோரையும்விட மூத்த ஒருவர், எலும்பும் மூக்குக்கண்ணாடியுமாக, மடியில் கைத்தடியோடு இருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பர்மிய மொழி தெரியாது. பிரெஞ்சு அந்த நேரத்தில் போய்விட்டது. ஆனால் மரியாதை தெரியும். கோட்டை இடக்கைக்கு மாற்றினேன். வலக்கையால் சட்டைப்பையை இரண்டு தரம் தட்டினேன். கண்ணைப் பாதி மூடினேன். தலையை இடப்பக்கம் சாய்த்து, 'ம்க்ம்' என்று செருமி, வளைந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்ததில் மிகத் திருத்தமான ரங்கூன் வணக்கம் அது.

நிமிர்ந்தேன். பாயில் இருந்த ஒருவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். சோபாவில் இருந்த பெரியவரின் வலக்கை அவருடைய சட்டைப்பைக்குப் போகிற வழியில், நெஞ்சுக்குச் சற்று முன்னால், அந்தரத்தில் நின்றது. அந்தக் கையைப் பார்த்தேன். பிறகு என் கையைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை காலமும் எங்கள் கடையில் காலையும் மாலையும், அகப்பையும் கேத்தலுமாக, நாங்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்தது யாரை என்று.

"இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று பெரியவர் ஆங்கிலத்தில் கேட்டார். அந்தளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும்.

"பர்மா..." என்றேன். பிறகு, தெரிந்த இன்னொரு சொல்லையும் சொன்னேன். "ரெஸ்பெக்ட்."

பின்னால் கதவடியில் ஐயா, சாரத்தின் முடிச்சைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தில் அப்போது வேறு ஒருவருடைய முகமும் இருக்கவில்லை. அவருடையது மட்டும்தான் இருந்தது. நான் அதை அதற்கு முன் கண்டதில்லை.

அவர் அப்படியே வந்து முழங்காலில் விழுந்தார். நெற்றியைத் தரையில் வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கி, நடுவில் ஆங்கிலத்துக்குப் போய், திரும்பப் பர்மிய மொழிக்கு வந்தார். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்று, பிரெஞ்சில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நீங்கள் ஊரை விட்டுப் போனது என்னாலா என்று கேட்கிறார்."

பெரியவர் கைத்தடியால் ஐயாவின் தோளை ஒருமுறை தொட்டார்.

"உன்னாலா? எனக்கு இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது, போனேன். ஓர் ஆள் நாட்டை விட்டுப் போகிற அளவுக்கு உன் நடிப்பு நன்றாக இருந்தது என்று ஐம்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாயா? உனக்கு அப்போதும் தற்பெருமை அதிகம்."

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐயா தலையைத் தூக்கவில்லை.

"ஆனால் இந்தக் கையை நான் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது" என்று பெரியவர் சொன்னதாக அந்தப் பெண் சொன்னாள். "லண்டனில் பாடம் எடுத்த காலம் முழுக்க அதில் குடையைப் பிடித்தேன், சுண்ணக்கட்டியைப் பிடித்தேன், முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஓர் ஆளுக்கும் தெரியாமல் காப்பாற்றினேன். நீ அதைப் பாரிஸில் வீதி வீதியாகப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறாய்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னொன்று. நீங்கள் செய்தது பிழை. என் தலை வலப்பக்கம்தான் சாயும். உங்களுக்குக் காட்டித் தந்த இவனுக்குச் சரியாகவே பார்க்கத் தெரியாது."

சொல்லிவிட்டு, எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குக் காட்டினார். பையை இரண்டு தரம் தட்டினார். கண்ணைப் பாதி மூடினார். தலை இடப்பக்கம் சாய்ந்தது.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். அந்தப் பெண் பிடிக்கப் போனாள், வேண்டாம் என்றார். இல்லாத செருப்பு ஒன்றைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். தன் சாரத்தின் கரையை இரண்டு விரலால் தூக்கினார். கழுத்தை உள்ளுக்கு இழுத்து, சுவரோடு சுவராக, விரல் நுனியில், ஒரு கண்ணை எங்கள் மேலும் மறு கண்ணை வெளியேயும் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று அடி நடந்தார். ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்குவதுபோல அறை மூலையில் நின்ற நெடிய மின்விளக்குத் தண்டுக்குப் பின்னால் ஒதுங்கி, அங்கிருந்து மிகவும் அப்பாவியாக எட்டிப் பார்த்தார்.

வகுப்புக்குப் பிந்தி வருகிற மாணவன். எனக்கு அந்த வகுப்பு தெரியாது. நடையைத் தெரியும். கோயில் தலைவர் கடைக்குள் வந்தால் எங்கள் ஐயா வெளியேறுகிற நடை. அம்மா தெருக்கோடியில் தென்பட்டால் ஐயா நடக்கிற நடை. வயதான வேறொரு மனிதரின் உடம்பில், அவருக்கும் எங்களுக்கும் இடையில் கடல் இருந்த காலத்திலிருந்து, அது அப்படியே இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஐயா மட்டும் தரையில் இருந்தபடி, வாய் கொஞ்சம் திறந்திருக்க, பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்ப முயன்றார். முழங்கால் உண்மையாகவே வலித்தது போல. பெரியவர் வந்து அவருக்குக் கை கொடுத்தார். சட்டைப்பையைத் தட்டுகிற அந்தக் கையைத்தான் கொடுத்தார்.

மொகிங்கா என்று மீன் குழம்பில் சேமியா போட்டுத் தந்தார்கள். ஐயா என் தட்டைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது தொலைபேசியில் அம்மா. "என்ன தம்பி, மனுஷன் அடக்கமா இருந்தாரா? ஒண்ணும் பண்ணிக் காமிக்கலையே?"

"இல்லை அம்மா. அவர் ஒண்டும் செய்யேல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை.

ரயில் கார் து நோருக்குக் கிட்ட வந்தபோது ஐயா என் சட்டைக் கையைத் தொட்டார்.

"ஏம்ப்பா. நான் உண்மையிலேயே அப்படியா நடக்கிறேன்?"

"ஓம் ஐயா."

அவர் தலையை ஆட்டினார். ரயில் நின்றதும் இறங்கி, குடையை ஊன்றி, குதிக்காலைப் பதித்து, மார்பை நிமிர்த்தி, மேடையின் நடுவால் நடக்கத் தொடங்கினார். அண்ணை நடந்தது போலவே இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர் வழக்கமான நேரத்துக்குக் கடைக்கு வந்தார். முந்தின நாள் இரவே கடையில் நான் எல்லாம் சொல்லியிருந்ததால், நானும் குசினிக்காரர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். அப்போது கடையில் இல்லாததால் ஒன்றும் அறியாத அண்ணை மட்டும் நெஞ்சை இரண்டு தரம் தட்டி, தலையைச் சாய்த்து வளைந்தார். ஐயா திருப்பிச் செய்தார். பிறகு உட்கார்ந்து ரோல்ஸ் கேட்டார். ரோல்ஸ் முடிந்துவிட்டது. வாழைப்பழ வாய்ப்பன் கொடுத்தேன்.